உப்புத் தண்ணிக்கு சாஃப்ட்னர்: குமரி மாவட்டத்தில் எங்கே எடுபடும், எங்கே காசு வீண்

கீசரைக் கழற்றினால் கம்பியைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு. குளியலறை டைல்ஸில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத வெண்திட்டு. சோப்புப் போட்டால் நுரைக்குப் பதிலாகத் திரிந்த பால் மாதிரி ஒரு கசடு. “வீட்டில உப்புத் தண்ணி” என்று கடையில் வாய் திறந்தால் போதும், வாட்டர் சாஃப்ட்னர் விலைப்பட்டியல் கைக்கு வந்துவிடும். கருவி நல்ல கருவிதான். ஆனால் அது பொருந்துகிற தண்ணீர் இந்த மாவட்டத்தில் ஒரு குறுகிய வரம்புக்குள்தான் இருக்கிறது. அதற்கு இந்தப் பக்கம் இருந்தால் தேவையில்லை, அந்தப் பக்கம் போய்விட்டால் போதாது.

குழப்பம் அந்தச் சொல்லிலேயே தொடங்குகிறது. ‘உப்புத் தண்ணி’ என்று நாம் சொல்வதில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. நாக்கில் கரிப்பது சோடியம் குளோரைடு. பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவது கால்சியமும் மக்னீசியமும். இரண்டாவதுதான் கடினத்தன்மை. சாஃப்ட்னர் அதை மட்டுமே எடுக்கும். எடுத்த இடத்தில் சோடியத்தை வைத்துவிடும். ஆகவே கரிக்கிற தண்ணீரை சாஃப்ட்னரில் விட்டால் வெளியே வருவதும் கரிக்கிற தண்ணீர்தான். “ஒரு லட்சம் கொடுத்தும் வாயில வைக்க முடியல” என்று புலம்புகிற வீடுகளில் கருவி மேல் பழி இல்லை; வேறு நோய்க்கு வேறு மருந்து.

இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 சொல்கிற அளவு: குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். இது குடிப்பதற்கான கணக்கு. கீசருக்கும் வாஷிங் மெஷினுக்கும் 150-ஐத் தாண்டினாலே பொருக்கு தெரிய ஆரம்பிக்கும், 300-க்கு மேல் தொல்லை.

மாவட்டத் தண்ணீரைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். முக்கடல் அணை, பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, இவற்றில் தேங்குவது மேற்குத் தொடர்ச்சி மலையில் கெட்டியான பாறை மேல் ஓடிவரும் மழைநீர். அந்தப் பாறை எளிதில் கரையாது. ஆகவே அணைத் தண்ணீர் மென்மையானது. நாகர்கோவிலில் முக்கடல் தண்ணீர் மட்டும் குழாயில் வருகிற வீட்டுக்கு சாஃப்ட்னர் விற்பது, கடலுக்குப் போய் உப்பு விற்கிற கதை. மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் (அங்கே தண்ணீரையே ‘வெள்ளம்’ என்பார்கள்) செம்பாறை மண்ணில் வெட்டிய கிணறுகளில் பெரும்பாலும் கடினம் குறைவு. ஆனால் புளிப்புத்தன்மையும் இரும்பும் தலைகாட்டும். வாளியில் பழுப்புக் கறை, வெள்ளை வேட்டியில் மஞ்சள் நிறம் என்றால் அது இரும்பு. அதை உப்பு என்று நினைத்து சாஃப்ட்னர் போட்டால் இரும்பு முதலில் சாஃப்ட்னருக்குள் கடினத்தைப் பிடிக்கிற ரெசின் மணிகளைத்தான் தின்னும். சாஃப்ட்னருக்கு உண்மையான வேலை இருப்பது மழை குறைந்த கிழக்குப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளிலும், கடலுக்குச் சற்று உள்ளே இருக்கிற போர்வெல்களிலும். அங்கேயும் ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டுப் போர்வெல்கள் வேறுவேறு எண் காட்டும். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கினார் என்பது காரணம் ஆகாது.

மணக்குடி, இராஜாக்கமங்கலம், குளச்சல் மாதிரி கரையோரம் தனிக் கணக்கு. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 1,290 மில்லிகிராம் மக்னீசியம், 410 மில்லிகிராம் கால்சியம். கடினத்தன்மையாக மாற்றினால் 6,300-ஐத் தாண்டும். கிணற்று நீரில் நூற்றுக்கு ஐந்து பங்கு கடல் நீர் கலந்தாலே கடினம் 300-க்கு மேல் கூடிவிடும். கூடவே குளோரைடு கிட்டத்தட்ட 1,000 ஏறும். தரம் பொறுத்துக்கொள்ளும் உச்ச வரம்பே 1,000-தான். இந்தத் தண்ணீருக்கு சாஃப்ட்னர் போட்டால் பொருக்கு நிற்கும், துரு நிற்காது. கீசர் டேங்க், ஸ்டீல் டிரம், பித்தளைக் குழாய் எல்லாவற்றையும் குளோரைடு அரித்துக்கொண்டே இருக்கும்.

வாங்கும் முன் சோதிக்க வேண்டும், அதுவும் சரியான எண்ணை. டிடிஎஸ் மீட்டர் தண்ணீரில் கரைந்த எல்லாவற்றையும் கூட்டிக் காட்டும். கடினத்தைத் தனியாகக் காட்டாது. சாஃப்ட்னருக்கு முன்னும் பின்னும் டிடிஎஸ் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், கொஞ்சம் கூடவும் செய்யலாம். ஆகவே டிடிஎஸ் மீட்டரை வைத்து சாஃப்ட்னர் விற்பவரும், டிடிஎஸ் குறையவில்லை என்று சண்டை போடுபவரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். இன்னொரு வித்தை: இரண்டு ஜோடிக் கம்பிகளைத் தம்ளரில் முக்கி கரண்ட் கொடுப்பார்கள், ஒரு நிமிடத்தில் தண்ணீர் சேறு மாதிரிப் பழுப்பாகிவிடும். “பாருங்க, இதைத்தான் குடிக்கிறீங்க.” அந்தப் பழுப்பு, இரும்புக் கம்பி கரைந்து உண்டான துரு. தண்ணீரில் உப்பு இருந்தால் கரண்ட் கடக்கும், கடந்தால் கம்பி கரையும், அவ்வளவுதான். அந்தக் கருவியோடு வாசலில் நிற்பவரைத் தண்ணீர் கொடுத்து உபசரித்து அனுப்பிவிடலாம்.

வேண்டியது சொட்டு விட்டுப் பார்க்கிற ஹார்ட்னஸ் கிட். குழாயை இரண்டு நிமிடம் திறந்துவிட்டு, கிட்டில் உள்ள குப்பியை அதே தண்ணீரால் இருமுறை அலசி, கோடு வரை நிரப்புங்கள். பஃபர் சொட்டுகள், பிறகு நிறங்காட்டி. தண்ணீர் ஒயின் சிவப்பானால் கடினம் இருக்கிறது. மூன்றாவது குப்பியிலிருந்து ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்குங்கள். சிவப்பு ஊதாவாகி, ஊதா தெளிந்த நீலமாகும் சொட்டோடு நிறுத்தி, கிட் அட்டையில் போட்டிருக்கும் எண்ணால் பெருக்குங்கள். ஊதாவிலேயே நிறுத்துவதுதான் எல்லோரும் செய்கிற பிழை. சொட்டு எண்ணி மாளாத அளவுக்குக் கடினம் என்றால் ஒரு பங்கு தண்ணீரோடு நான்கு பங்கு பேட்டரி வாட்டர் (உப்பு நீக்கிய தண்ணீர்) கலந்து பார்த்து ஐந்தால் பெருக்கலாம். அதே தண்ணீரை 15 நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, வடிகட்டி, வற்றிய அளவுக்குப் பேட்டரி வாட்டர் ஊற்றிச் சரிசெய்து மறுபடி சோதித்தால் இன்னொரு செய்தி கிடைக்கும்: குறைந்த அளவு தற்காலிகக் கடினம். கீசரில் பொருக்காகப் படிவது அதுதான். மீதி நிரந்தரக் கடினம். சோப்பைக் கெடுக்கும், கம்பியில் அவ்வளவாக ஒட்டாது. முழு அறிக்கை வேண்டுமென்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்து குளோரைடு, இரும்பு இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். கோடையில் ஒருமுறை, ஐப்பசி மழைக்குப் பின் ஒருமுறை எடுப்பது நல்லது.

இனி சரக்குக்கு வருவோம்.

முழு வீட்டு சாஃப்ட்னர் என்பது ஃபைபர் உருளை, உள்ளே கடுகைவிடச் சிறிய மஞ்சள் மணிகளாக ரெசின், தலையில் வால்வு, பக்கத்தில் உப்புத் தொட்டி. விளம்பரத்தில் எது எழுதியிருந்தாலும் பார்க்க வேண்டிய எண் ஒன்றுதான்: ரெசின் எத்தனை லிட்டர். ஒரு லிட்டர் ரெசின், நடைமுறையில் ஒரு ரீசார்ஜுக்கு (ரெசினை உப்பு நீரால் கழுவிப் புதுப்பிப்பது) சுமார் 50 கிராம் கடினத்தைப் பிடிக்கும். 25 லிட்டர் ரெசின் என்றால் 1,250 கிராம். உங்கள் தண்ணீர் 400 என்றால் லிட்டருக்கு 0.4 கிராம், வகுத்தால் 3,125 லிட்டர். நான்கு பேர் வீட்டுக்கு நாளைக்கு 540 லிட்டர் என்று வைத்தால் ஒரு ரீசார்ஜ் முழுசாக ஆறு நாள் வராது, ஐந்து நாளுக்கு ஒன்று வையுங்கள். ஒவ்வொரு முறையும் 3.5 முதல் 4 கிலோ உப்பு, 150 முதல் 200 லிட்டர் கழிவு நீர். மாதம் 22 கிலோ உப்பு என்பதை முதலிலேயே தெரிந்துகொண்டு வாங்குங்கள். தண்ணீர் 800 என்றால் எல்லாம் இரட்டிப்பு.

உப்பு என்றதும் புத்தளம் உப்பளத்துக் கல்லுப்பு மூட்டையாகக் கிடைக்கிறதே என்று தோன்றும். கரையும், வேலையும் செய்யும். ஆனால் அளத்து உப்பில் மண்ணும், கால்சியம் மக்னீசியமும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். நேரே தொட்டியில் கொட்டினால் அடியில் சேறு கட்டி, உப்பு நீரை உறிஞ்சும் இன்ஜெக்டரின் ஊசித்துளை அடைபடும். தொட்டியில் உப்பு இறங்கவே இல்லை, தண்ணீரும் கடினமாகவே வருகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் துளையைத்தான். கல்லுப்புதான் என்றால் தனி வாளியில் கரைத்து, ஒரு இரவு தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் ஊற்றுங்கள். ஆட்டோமேட்டிக் வால்வு இருந்தால் மாத்திரை வடிவ சாஃப்ட்னர் உப்புதான் நிம்மதி. தூள் உப்பு போடவே வேண்டாம். மேலே பாலம் மாதிரி இறுகி, கீழே வெற்றிடம் விட்டுவிடும். தொட்டி நிறைய உப்பு இருப்பதாகத் தெரியும், கரைசல் இருக்காது. கட்டையால் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பொருத்துவதில்தான் அதிகம் கெடுகிறது. ஆட்டோமேட்டிக் வால்வு ஒழுங்காக வேலை செய்ய 1.5 முதல் 2 பார் அழுத்தம் வேண்டும். மொட்டைமாடித் தொட்டி மூன்று மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது 0.3 பார். அதனால் சில பிளம்பர்கள் போர் மோட்டார் லைனிலேயே கருவியை மாட்டிவிடுகிறார்கள். அழுத்தம் கிடைக்கும், வேகம் மிஞ்சிவிடும். 25 லிட்டர் ரெசின் வழியே மணிக்கு 1,000 லிட்டர்தான் உச்சம். மோட்டார் அதற்கு மேல் இரண்டு மூன்று மடங்கு தள்ளினால் தண்ணீர் ரெசினோடு பேச நேரமில்லாமல் ஓடிவிடும், தொட்டியில் பாதிக் கடினம் அப்படியே ஏறும். சரியான முறை: போர்த் தண்ணீர் முதலில் ஒரு தொட்டிக்கு, அங்கிருந்து பிரஷர் பம்ப், 20 மைக்ரான் வடிகட்டி, சாஃப்ட்னர், பிறகு வீட்டுக் குழாய். இரும்பு லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினால் இவற்றுக்கு முன்னால் இரும்பு ஃபில்டர்.

சமையலறைக் குழாயையும் தோட்டத்துக் குழாயையும் சாஃப்ட்னர் வழியே போகாமல் பைபாஸில் விட வேண்டும். 100 கடினம் எடுத்தால் லிட்டருக்கு 46 மில்லிகிராம் சோடியம் சேரும், 400-க்கு 184. நாளைக்கு மூன்று லிட்டர் குடித்தால் ஏறக்குறைய 1.4 கிராம் சமையல் உப்பு கூடுதல். வீட்டில் ரத்த அழுத்தக்காரர் இருந்தால் இது சின்ன விஷயம் இல்லை. தோட்டத்துக்குச் சோடியம் இன்னும் மோசம், மண் இறுகிப்போகும். ரீசார்ஜ் கழிவை மட்டி வாழைத் தூரில் விட்டால் இலை ஓரம் கருகுவதைச் சில வாரத்தில் பார்க்கலாம்.

தீர்ப்பு: கடினம் 250-க்கு மேல், குளோரைடு 250-க்குள், இரும்பு இல்லை. இந்த மூன்றும் பொருந்தினால் தாராளமாக வாங்கலாம், சொன்னதைச் செய்யும்.

குளியலறைக் குழாயில் மாட்டுகிற சின்ன சாஃப்ட்னர் நேர்மையான கருவி, ஆனால் மனித இயல்புக்கு எதிரானது. உள்ளே மூன்று லிட்டர் ரெசின் என்றால் 150 கிராம் கொள்ளளவு. 400 கடினத்தில் 375 லிட்டர், அதாவது 20 லிட்டர் வாளியில் 18 வாளி. நான்கு பேர் ஆளுக்கு இரண்டு வாளி குளித்தால் இரண்டேகால் நாள். அதன்பின் 450 கிராம் உப்பை நாலரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, அரை மணி நேரம் மெல்ல வடியவிட்டு, கரிப்பு போகும்வரை அலச வேண்டும். முதல் மாதம் செய்வார்கள். மூன்றாம் மாதம் அது வெறும் அலங்காரம். வாடகை வீட்டில் ஒருவர் இருவர் இருந்தால், அல்லது வாஷிங் மெஷினுக்கு மட்டும் என்றால் சரி.

ஷவர் தலையில் மாட்டுகிற பலவண்ணக் கல் ஃபில்டர்கள் குளோரினைக் குறைக்கலாம், கடினத்தைத் தொடாது. குழாயைச் சுற்றிக் கட்டும் காந்தமும், ஒயர் சுற்றிய எலக்ட்ரானிக் கண்டிஷனரும் கால்சியத்தை எடுப்பதில்லை. சொட்டு சோதனையில் முன்னும் பின்னும் ஒரே எண்தான் வரும். படியும் விதத்தை மாற்றுகிறது என்கிறார்கள். வீட்டு அளவில் நம்பிப் பணம் போடும்படி நிரூபணம் இல்லை. பாஸ்பேட் உருண்டை போட்ட கார்ட்ரிட்ஜ் இவற்றைவிட மேல். கடினத்தை எடுக்காது, ஆனால் பொருக்கு ஒட்டாமல் தடுக்கும். வாஷிங் மெஷின் இன்லெட்டுக்கு நல்லது. கீசரில் 60 டிகிரிக்கு மேல் வைத்தால் பாஸ்பேட் சிதைந்து பலன் குறையும். உருண்டை கரைந்து பாதியானதும் நிரப்ப வேண்டும்.

எதுவும் வாங்காமலே பாதித் தொல்லையைக் குறைக்க முடியும், குறிப்பாக கீசரில். 15 லிட்டர் கீசர் மூன்று முறை நிரம்பினால், 400 கடினத் தண்ணீரில் ஒரு நாளைக்கு 18 கிராம் கடினம் அதன் வழியே போகிறது. எவ்வளவு அங்கேயே தங்கும் என்பதை முடிவு செய்வது சூடு. தெர்மோஸ்டாட் 75-ல் இருந்தால் மளமளவென்று படியும்; 50-க்கு இறக்கினால் வெகுவாகக் குறையும். நம்மூர் வெயிலுக்கு 50 தாராளம். “பொருக்கு பிடிச்சா கரண்ட் பில் ஏறும்” என்பது மின் கீசரைப் பொறுத்தவரை மிகைப்படுத்தல். கம்பி தண்ணீருக்குள் இருப்பதால் சூடு கடைசியில் தண்ணீருக்கே போகும். கெடுவது கம்பி: பொருக்கு போர்வை மாதிரி மூடி, உள்ளே சூடு தேங்கி, உறை வெடித்து, ஒருநாள் எம்சிபி (மின்பலகையில் தானே கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழும். கேஸ் கீசரில்தான் எரிபொருள் வீணாவது நிஜம்.

சுத்தம் செய்ய: எம்சிபியை இறக்குங்கள், சுவிட்ச் மட்டும் போதாது. தண்ணீர் ஆறியதும் இன்லெட்டை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து, சேஃப்டி வால்வின் நெம்புகோலைத் தூக்கி வடியுங்கள். ஒயர் இருக்கும் நிலையைப் படம் எடுத்துவிட்டு ஃபிளாஞ்ச் போல்ட்டைக் கழற்றினால் கம்பி வெளியே வரும். கத்தியால் சுரண்டாதீர்கள், உறையில் கீறல் விழுந்த இடத்தில்தான் அடுத்த ஓட்டை. ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட், அதில் கம்பி மட்டும் முழுகட்டும், முனைகள் நனையக்கூடாது. நுரைத்துக்கொண்டே இருந்து, ஒன்றிரண்டு மணி நேரத்தில் பொருக்கு சில்லுசில்லாக உதிரும். நுரை நின்றும் பொருக்கு மிச்சம் இருந்தால் கரைசல் தீர்ந்துவிட்டது, புதிதாகக் கலக்குங்கள். டேங்க் அடியில் கிடக்கும் சில்லைத் தண்ணீர் விட்டு அலசுங்கள். பக்கத்திலேயே இருக்கிற மக்னீசியம் ஆனோட் ராட் (டேங்க் துருப்பிடிக்காமல் இருக்கத் தான் கரைகிற கம்பி) பாதிக்கு மேல் மெலிந்திருந்தால் மாற்றுங்கள். கரிக்கிற தண்ணீரிலும் சாஃப்ட்னர் தண்ணீரிலும் அது சீக்கிரம் கரையும். கேஸ்கெட் புதிது போடுங்கள். வெந்நீர்க் குழாயில் தண்ணீர் சீராக விழுந்த பிறகே கரண்ட். காலி டேங்கில் போட்டால் புதுக் கம்பியும் நிமிடத்தில் போய்விடும்.

பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டை இதற்கோ வாஷிங் மெஷினுக்கோ தொடவே கூடாது. அது ஹைட்ரோகுளோரிக், ஸ்டீலைப் புள்ளிபுள்ளியாக அரிக்கும். பிளீச்சிங் பவுடர் பட்டால் விஷவாயு.

ஃப்ரண்ட் லோடு மெஷினில் ஹீட்டர் இருப்பதால் பொருக்கு அங்கேதான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை துணியில்லாமல் டிரம்மில் 100 கிராம் சிட்ரிக் ஆசிட் போட்டு 60 டிகிரி காட்டன் ஓட்டம் ஓட்டினால் போதும். சாஃப்ட்னர் மாட்டிய வீட்டில் சோப்புத்தூளை மூன்றில் ஒரு பங்காவது குறைக்க வேண்டும். பழைய அளவே போட்டால் நுரை பொங்கி மெஷின் நடுவில் நின்றுவிடும். கையால் துவைக்கிறவர்கள் வாளியில் சலவைச் சோடாவை முதலில் கரைத்து, பிறகு சோப்பு போடலாம். 400 கடினமுள்ள 20 லிட்டர் வாளிக்கு, படிகமாக இல்லாமல் நீரற்ற தூளாக இருந்தால், 9 கிராம் சுமார். இட்லிப் பானையில் பிழிந்த எலுமிச்சைத் தோலோ சிறு உருண்டைப் புளியோ போடுகிற பழக்கத்துக்குப் பின்னால் இருப்பது சிட்ரிக் ஆசிட் மாதிரி புளிப்பு பொருக்கைக் கரைக்கிற வேதியியல்தான்.

சோலார் ஹீட்டர் யோசிப்பவர்கள் கடினத் தண்ணீருக்குச் செம்புக் குழாய் பேனலைத் தவிர்த்து கண்ணாடிக் குழாய் வகையை எடுங்கள். செம்புக் குழாய் அடைபட்டால் திறப்பது எளிதல்ல.

அணைத் தண்ணீர் வருகிற நகராட்சி, ஊராட்சிக் குழாயும் போர்வெல்லும் இரண்டும் இருக்கிற வீட்டில் சாஃப்ட்னரைவிட மலிவான வழி ஒன்று இருக்கிறது. இரண்டையும் ஒரே தொட்டியில் கலக்காமல், 500 லிட்டர் தனித் தொட்டி ஒன்று வைத்து, அணைத் தண்ணீரை கீசருக்கும் வாஷிங் மெஷினுக்கும் மட்டும் இழுப்பது. பிளம்பர் கூலியும் சில மீட்டர் குழாயும்தான் செலவு. மழையும் கைகொடுக்கும்: 1,000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் பெய்தால் வடிகட்டிப் பிடிக்க 700 லிட்டருக்கு மேல் கிடைக்கும். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமும் பெய்கிற மாவட்டத்தில் அதை ஓடையில் விட்டுவிட்டு உப்பு மூட்டை சுமப்பானேன்?

அதற்குப் பிறகும் சாஃப்ட்னர்தான் என்றால், பில்லில் இவற்றை எழுதி வாங்குங்கள்: ரெசின் எத்தனை லிட்டர், ஒரு ரீசார்ஜுக்கு எத்தனை கிலோ உப்பு, உங்கள் தண்ணீரின் கடினத்துக்கு எத்தனை லிட்டர் வரும், பைபாஸ் வால்வு சேர்த்தா இல்லையா. மாட்டி முடித்த அன்றே சொட்டு கிட்டை எடுத்து வெளிக்குழாயில் பாருங்கள். முதல் ஒன்றிரண்டு சொட்டிலேயே நீலமாக வேண்டும். ரெசின் லிட்டரை மட்டும் எழுதமாட்டேன், ‘ஃபைவ் ஸ்டேஜ், நானோ டெக்னாலஜி’ என்று எழுதித் தருகிறேன் என்றால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.